ஆதரவுக்கு யார் விலை கொடுப்பது?

(புதுக்கடை இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தேர்தல் வந்தால் ஆதரவு அறிக்கைகளும் வந்துவிடும். இந்தச் சாதிச் சங்கம் இவருக்கு, அந்த மதத் தலைவர் அவருக்கு என்று. "யார் போட்டாலும் ஓட்டுதானே, வேண்டாம் என்றா சொல்ல முடியும்?" என்பார்கள் கட்சிக்காரர்கள். ஓட்டு வேறு, ஆதரவு வேறு. ஓட்டு ரகசியம். போட்டவர் யாரென்றே தெரியாது, கடன்படவும் வேண்டாம். ஆதரவு மேடையேறி வருகிறது. அதற்கு விலை உண்டு. அந்த விலையை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

இந்த ஊருக்கு அது தெரியும். 1954இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் கட்சிக்கு 19 இடங்கள்தான். காங்கிரஸ் ஆதரவில் முதல்வரானார். தமிழ்நாட்டோடு இணைக்கக் கேட்ட மக்களை ஆகஸ்ட் 11 அன்று இங்கும் தொடுவெட்டியிலும் போலீஸ் சுட்டது. சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே அரசைப் பதவி விலகச் சொன்னார். பட்டம் விலகவில்லை. காங்கிரசும் உடனே கையை எடுக்கவில்லை. மேலே பேசி முடித்த ஆதரவுக்கு, கீழே இருந்தவர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு குடியாத்தம் இடைத்தேர்தல். காங்கிரசை எதிர்த்துவந்த பெரியார் காமராசரை ஆதரித்தார். ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தைக் காமராசர் கைவிட்டிருந்தார். அந்த ஆதரவால் பெரியாருக்குப் பதவி கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது.

இப்போது 2024க்கு வருவோம். திமுக கூட்டணியில் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி நாமக்கல்லுக்கு அறிவித்த வேட்பாளர், சாதி மாறித் திருமணம் செய்வோரைக் கொல்வோம் என்ற பொருளில் பேசிய பழைய காணொளி வெளியானது. எதிர்ப்பு கிளம்பியதும் ஆளை மாற்றினார்கள். புதிய வேட்பாளர் மாதேஸ்வரன் உதயசூரியனில் நின்று வென்றார். நாம் கேட்டதால் ஆள் மாறினார். அதோடு நிறுத்திக்கொண்டதால் அரசியல் மாறவில்லை.

ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டு எத்தனை ஆண்டுகள்! 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஓர் ஐ.டி. இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, அக்டோபரில்தான் நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தார்கள். இடையில் வந்த அரசுகளின் மௌனம் தற்செயலா? சாதிச் சங்கங்களின் ஆதரவுக்குக் கொடுத்த விலை அது. கட்டியவர்கள் காதலித்த பிள்ளைகள்.

நம் மாவட்டத்திலும் "நம்ம ஆளு" என்று வருவார்கள். சாதிக்காரராக, சபைக்காரராக வருவார்கள். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்களை ஆதரிக்கும் சங்கத்துக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள்? ஆணவக் கொலைச் சட்டத்துக்கு ஆதரவென்று அவர்கள் மேடையிலேயே சொல்வீர்களா? அவர்கள் எதிர்த்தால் அந்த ஆதரவை வேண்டாம் என்பீர்களா?

பதில் சொல்லாதவர் நம் சாதியே ஆனாலும் நம் ஆளில்லை.