மரையும் தாளமும்

மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றினுள்ளே புகுவோரை முதலில் வரவேற்பது கொழுந்தின் மணம். அடுத்து வருவது இயந்திரங்களின் ஓசை. தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் அக்கட்டடத்தில், வாடிய கொழுந்து உருட்டும் இயந்திரத்தை வந்தடைகிறது. மேசையின்மீது வட்டமிட்டு வரும் பெருங்கூட்டினுள் கொழுந்து கிடக்க, மேலிருந்து ஒரு மூடி அதனை அழுத்துகின்றது. அம்மூடியை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரு திருகுதண்டின் வேலை. அத்தண்டின் மரை தேய்ந்துவிட்டால் அழுத்தம் சொற்படி கேளாது. மரை கழன்றவன் என்று மனிதனைப் பழித்துச் சொல்வதுண்டு. மரை கழன்ற இயந்திரமும் அத்தகையதே. வாடிய கொழுந்தோ காத்திராது. ஒரு சிறு மரையின் பிழையால் பலர் முதுகில் கூடை சுமந்து பறித்த பயன் பாழாகலாம்.

லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867 ஆம் ஆண்டில். பின்னர்த் தோட்டங்கள் பெருகியபோது, கெயின்ஸ்பரோ நகரின் மார்ஷல், பெல்பாஸ்ட் நகரின் டேவிட்சன் போன்றோர் செய்த இயந்திரங்கள் கப்பலேறி வந்தன. அக்காலத்துப் பிரித்தானிய இயந்திரங்களில் பெருவழக்காயிருந்தது, ஜோசப் விட்வொர்த் என்னும் பொறிஞர் 1841 ஆம் ஆண்டில் வகுத்த மரைமுறை. அதன் கோணம் 55 பாகை. இன்று கடைகளில் கிடைக்கும் மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. விட்வொர்த் முறையில் அரை அங்குல மரையாணியில் ஓர் அங்குலத்துக்கு 12 மரைகள்; அதே பருமனுள்ள அமெரிக்கப் பருமரை ஆணியில் 13. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சுரையை ஏற்றினால் ஓரிரு சுற்று இணங்கிச் செல்லும். பின்பு இறுகி நிற்கும். சாவியால் வலிந்து முறுக்குவோர் ஆணியையும் இழப்பர், சுரையையும் இழப்பர்.

ஆகவே பழைய இயந்திரம் ஒன்றுக்கு உதிரி வேண்டுமாயின், பெரும்பாலும் அதைக் கடைந்தே பெறல் வேண்டும். முன்னாளில் இது முழுமையாகக் கைத்திறனின்பாற்பட்டது. லண்டனில் ஹென்றி மோட்ஸ்லி 1800 ஆம் ஆண்டையொட்டிச் செம்மைப்படுத்திய கடைசல் இயந்திரத்தில், சுழலும் தண்டையும் நகரும் உளியையும் பற்சக்கரங்கள் பிணைத்து நின்றன. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் ஆதலின், அதன் ஐந்து மடங்காகிய 127 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்றை இட்டு, அங்குல இயந்திரத்தில் மெட்ரிக் மரையையும் வெட்டினர். இன்றோ, ஹற்றனிலோ தலவாக்கலையிலோ வீட்டின் பின்கட்டில் வைத்துக்கொள்ளத்தக்க சிறு கடைசல் இயந்திரங்கள் கணினியின் கட்டளைக்கு இயங்குகின்றன. பற்சக்கரம் செய்த வேலையை அங்கே எண்கள் செய்கின்றன. எனினும் வீட்டில் மரை வெட்ட முயல்வோர் பலர், கீறலும் கிழிசலுமான தண்டைக் கையிலேந்தி, உளியை மாற்றியும் இரும்பைப் பழித்தும் மனம் சோர்வதுண்டு. குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

மலையகத்தில் காமன் கூத்து நிகழும்போது தப்பின் ஒலிக்கு ஆட்டக்காரரின் அடி விழுவதை நேயர்கள் கண்டிருப்பர். மரை வெட்டுதலும் அத்தகையதே. ஒரே வெட்டில் மரை உருவாவதில்லை. உளி பலமுறை அதே தடத்தில் சென்று சிறிது சிறிதாக ஆழப்படுத்துகிறது. சுழல்தண்டு ஒருமுறை சுற்றும்போதெல்லாம் ஓர் உணர்கருவி கணினிக்கு ஓர் அடையாளம் கொடுக்கிறது. அதுவே தாளத்தின் முதலடி. அவ்வடி விழும் கணத்தில் உளி புறப்பட வேண்டும். தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உளி சரியாக ஒரு மரையிடைத் தூரம் நகர வேண்டும். இவ்விணக்கம் கெட்டால், எத்துணை கூரிய உளியாலும் பயனில்லை.

குற்றம் தாளத்திலா, உளியிலா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தண்டின்மேல் மை பூசி, மிக மெல்லிய கீறல் ஒன்றை இடுக. ஆழத்தைக் கூட்டாமல் அதே கட்டளையை மேலும் இருமுறை நிகழ்த்துக. மூன்று முறையும் ஒரே கோடு விழுந்தால் இணக்கம் செவ்வையாயுள்ளது. இரண்டு மூன்று கோடுகள் தோன்றினால் அடையாளம் தவறுகிறது. உணர்கருவி தளர்ந்திருக்கலாம், அழுக்குப் படிந்திருக்கலாம். அது தண்டில் அன்றி மோட்டாரில் பொருத்தப்பட்டிருந்தால், இடையிலுள்ள வார்ப்பட்டை வழுக்கியிருக்கலாம். மரை வெட்டும் நடுவே சுழல்வேகத்தை மாற்றினும் கோடு இடம் பெயரும்.

அடுத்து, மரைகளுக்கிடையிலுள்ள தூரத்தை அளத்தல் வேண்டும். ஒரு மரையை அளந்தால் பிழை தெரியாது. பத்து மரைகளைச் சேர்த்து அளக்க வேண்டும். அங்குலத்துக்கு 12 மரை எனின், ஒரு மரையின் தூரம் 2.117 மில்லிமீற்றர். அதனை 2.1 எனச் சுருக்கிக் கணினிக்குக் கொடுத்தவர், பத்து மரைக்குள் 0.17 மில்லிமீற்றர் பிசகுவார். எண் சரியாயிருந்தும் தூரம் குறையுமானால், உளியை நகர்த்தும் மோட்டார் அடி தவறுகிறது என்பது பொருள். தண்டு நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்ற, மரையிடைத் தூரம் 2 மில்லிமீற்றராயின், உளி நிமிடத்துக்கு 1200 மில்லிமீற்றர் ஓட வேண்டும். சிறிய இயந்திரம் அவ்வளவு விரைய இயலாது போகலாம். சுழற்சியை 300 ஆகக் குறைத்தால் ஓட்டமும் பாதியாகும். முதல் சில மரைகள் மட்டும் பிசகுமாயின், உளி வேகம் எய்துவதற்கு இடம் போதவில்லை. சற்றுப் பின்னிருந்து புறப்படச் செய்தல் தகும்.

தாளம் சரியென உறுதியான பின்னரே உளியை ஆராய்தல் முறை. மரையின் பக்கங்கள் கிழிந்திருந்தால் உளி மழுங்கியிருக்கும், அன்றித் தண்டின் நடுவுயரத்தில் இராது, அன்றி எண்ணெய் போதாது. ஆழம் கூடக்கூட வெட்டும் அகலமும் கூடுவதால், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஆழ்த்தல் தவறு. முதல் வெட்டின் ஆழம் 0.2 மில்லிமீற்றராயின், நான்காம் வெட்டில் 0.4, ஒன்பதாம் வெட்டில் 0.6 என வரிசை அமைந்தால் உளிமேல் சுமை ஏறத்தாழச் சமமாகும். நீண்ட மெல்லிய தண்டு உளிக்கு அஞ்சி வளையும். தாங்கலற்ற இடத்தில் மரை பருத்துக் காணும். அதற்கு மறுமுனையைத் தாங்கிக் கொடுத்தலும், இறுதியில் ஆழம் கூட்டாது ஓரிருமுறை உளியை ஓட்டுதலும் மருந்தாம்.

மலைநாட்டுக்கே உரிய இடர்களும் உண்டு. பனியும் மழையும் இரும்பைத் துருவேற்றும். ஈரம் உணர்கருவியின் கண்ணை மறைக்கும். மின்னழுத்தம் தாழ்ந்தால் சுழல்தண்டு வெட்டின் நடுவே தளரும். சுற்றுக்கு ஓர் அடையாளம் மட்டுமே பெறும் இயந்திரம் அத்தளர்ச்சியை உடனே உணராது, உளி முந்திவிடும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெயிட்டு மூடிவைத்தலும், மெல்லிய வெட்டுகளாகவே வெட்டுதலும் அங்கு இன்றியமையாதன.

கணக்கில் விடை பிழைத்த மாணவன் முழுவதையும் அழித்தெழுதுவதில்லை. எந்த வரியில் பிசகியது என்று தேடுகிறான். மரையின் பிழையையும் அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாகத் தேட வேண்டும். ஒரே வேளையில் இரண்டை மாற்றியவர் எது மருந்தாயிற்று என்பதை அறியார். கொழுந்து பறித்த கைகளின் பிள்ளைகள், அக்கொழுந்தை உருட்டும் இயந்திரத்துக்குத் தம் வீட்டிலேயே ஒரு திருகுதண்டு கடைந்து கொடுக்க வல்லவராயின், அது சிறிய காரியமன்று. தொழிற்சாலை நிற்காது ஓடும். தொழிலறிவும் மலையிலேயே தங்கும். அதற்கு அவர்கள் இடவேண்டிய முதல் வெட்டு, மைபூசிய தண்டின்மேல் மெல்லிய ஒரு கீறலேயாகும்.