குகனும் குகையும்

முருகப் பெருமானுக்குக் குகன் என்றொரு திருநாமம் உண்டு. அடியவர்தம் நெஞ்சக் குகையில் உறைபவன் என்று அதற்குப் பெரியோர் பொருள் உரைப்பர். தணிகை மலையை அடுத்த பள்ளிப்பட்டில் நிகழும் இத் திருக்குட நன்னீராட்டு வேளையில், மண்ணுலகக் குகைகள் உண்டாகும் வரலாற்றைச் சிறிது எண்ணுதல் பொருத்தமே.

முழை, அளை, விடர், பிலம் எனக் குகைக்குத் தமிழில் பல பெயர்கள் உள. விடர் என்பது மலைப்பிளவு. பிலம் என்பது நிலத்தின் கீழ்ச் செல்லும் வழி. இவ் வேறுபாட்டைச் சொற்களே காட்டுகின்றன. ஆயினும் இரண்டையும் ஆக்குவதில் பெரும்பங்கு நீருடையதே.

ஆந்திர நாட்டில் கொலிமிகுண்ட்லாவை அடுத்துள்ள பேலம் குகை, பிலத்திற்குத் தக்க சான்று. அப்பெயரும் பிலம் என்னும் சொல்லின் வழிவந்ததே என்பர். 1884ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் பூட் அதனைக் குறித்தார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து முறையாக அளந்தபோது, அதன் நீளம் மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்டது எனத் தெரிந்தது. அங்குள்ளது சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய புளிப்பு நீராகிறது. அது கல்லின் வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. வெடிப்பு வாய்க்காலாகி, வாய்க்கால் மண்டபமாகிறது. கரைத்த நீரே மேற்கூரையிலிருந்து சொட்டுங்கால் வாயுவை இழந்து, சுமந்து வந்த சுண்ணாம்பைப் படியவிடுகிறது. கூரையில் விழுதுபோல் தொங்குவதும், தரையில் இலிங்கம்போல் எழுவதும் இங்ஙனம் ஆனவையே. அவை ஓர் அங்குலம் வளரப் பல நூறு ஆண்டுகள் செல்வதுண்டு. ஒரு சிறுவன் விளையாட்டாக ஒடித்தெடுப்பது எத்தனை தலைமுறைக் கணக்கு என்பதை எண்ணிப் பார்க்கலாம்!

பள்ளிப்பட்டினர்க்கு இன்னும் நெருங்கிய குகை ஒன்றுண்டு. இவ்வூர்ப் பகுதியில் தோன்றும் கொசத்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. அதற்கு அண்மையில், அல்லிக்குழி மலைச்சாரலில் உள்ளது குடியம். அங்குள்ளது சுண்ணாம்புக்கல் அன்று. கூழாங்கற்கள் மணலும் களியும் கலந்து இறுகிய பாறை. நகரி மலைகளைப் போன்ற பழம் மலைகளினின்று உடைந்த கற்கள் வெள்ளத்தில் உருண்டு, மழுங்கி, பத்துக் கோடி ஆண்டுகட்கு முன்னரே அங்குத் திரண்டு படிந்தன. அப்பாறையில் மெலிந்த அடுக்கு முதலில் அரிபட்டுப் பின்வாங்குகிறது. வலிய அடுக்கு குடைபோல் மேலே நிற்கிறது. நனைதலும் காய்தலும், வேர் நுழைதலும் வெடிப்புகளை விரிக்கின்றன. தாங்கும் அளவு கடந்தபோது மேற்பாறை பெயர்ந்து விழுகிறது; குகையும் மலைக்குள் மேலும் ஓரடி செல்கிறது. 1960களின் முற்பகுதியில் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்து கற்கருவிகளைக் கண்டனர். கற்கால மனிதன் ஒதுங்கிய நிழலில் இன்று அம்மன் வழிபாடு நடைபெறுகிறது.

இயற்கை குடைந்தது என்று அறிந்தால் தெய்விகம் குறையுமோ என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. கல்லும் தேயும் என்பதை ஆகமங்கள் அறிந்தன. அதனாலன்றோ சீர்ணோத்தாரணம் வகுத்து, பன்னீராண்டுக்கொருமுறை குடமுழுக்காற்றும் வழக்கமும் நிலைத்தது! ஆனால் கட்டிய கோயிலைப் புதுக்கலாம். குகையைப் புதுக்கச் சிற்பி இல்லை. சிமெண்டுப் பூச்சு நீர் வெளியேறும் வழியை அடைத்துப் பாறையை உள்ளிருந்தே கெடுக்கவும் கூடும். பிரான்சு நாட்டு லாஸ்கோ குகையில், பழைய ஓவியங்களைக் காணத் திரண்டோரின் மூச்சுக்காற்றே கேடு விளைத்தது; 1963இல் அதன் வாயிலை மூடவேண்டியதாயிற்று. அங்கு வந்தவர் எவரும் தீங்கு எண்ணி வந்தவர் அல்லர்.

குகைக்கோயிலில் கற்பூரப் புகை கூரையில் கரியாய்ப் படிகிறது; அடுப்பின் வெப்பம் பாறையை ஏடு ஏடாய் உரிக்கிறது. கூரையை அண்ணாந்து பார்த்தால் நெடுநாள் நின்ற முகம் கறுத்தும், அண்மையில் பெயர்ந்த இடம் வெளிறியும் தோன்றும். அத்தகைய இடத்தின் கீழ்ப் பொங்கல் வைப்போர், பானையைச் சற்று வெளியே, வானம் தெரியும் இடத்தில் ஏற்றுதல் நன்று.