நீரிழிவு மாத்திரைகளும் நாமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். மெட்ரிகுலேஷன் வரை பயின்ற ரயில்வே குமாஸ்தா. எனினும், நீரிழிவு மாத்திரை உண்பவன் என்ற உரிமையால் பேசத் துணிகின்றேன்.

ஓர் ஏகாதசியன்று வழக்கம்போல் கிளிமிபிரைடு மாத்திரையை விழுங்கிவிட்டு, உபவாசத்துடன் அலுவலகம் சென்றேன். பதினொரு மணியளவில் கை நடுங்கிற்று, உடல் வியர்த்தது, பேரேட்டின் எண்கள் கண்முன் கலங்கின. பக்கத்து மேசை நண்பர் சர்க்கரை நீரைப் பருகச் செய்தார். கால் மணி நேரத்தில் தெளிவு பிறந்தது. விரதம் முறிந்தது, உயிர் நின்றது.

அவ்வகை மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. நாம் உண்டோமா இல்லையா என்பதை அஃது அறியாது. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால், உடனே மூன்று தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடங்களில் மீண்டும் சோதித்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

அஞ்சிய நான் மறுநாள் முதல் மாத்திரையையே நிறுத்தினேன். அஃது என் இரண்டாம் பிழை. மூன்று வாரங்களில் சர்க்கரை மிக ஏறிற்று. "விரத நாளை முன்பே கூறியிருந்தால் அளவை மாற்றியிருப்பேனே!" என்றார் மருத்துவர்.

மெட்ஃபார்மினைத் தனியே உண்டால் சர்க்கரை இவ்வாறு தாழ்வது அரிது. குமட்டலும் வயிற்றுப்போக்குமே அதன் தொல்லைகள். உணவோடு உண்டால் அவை பெரும்பாலும் தணியும். பல்லாண்டு உண்போர்க்கு வைட்டமின் பி12 குறையலாம். மரக்கறி உண்போர்க்கு இக்குறை மேலும் நேரும். கால் மரத்தால், "எல்லாம் சர்க்கரையின் வேலை" என்று வாளாவிராது, இரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொள்க.

டாபாகிளிஃபுளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவன. அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று உண்டாகலாம். எளிதில் தீர்வது அது, நாணத்தால் மறைத்தலாகாது.

இவ்வூர் மருத்துவரின் மொழி நம்மிற் பலருக்கு முழுதும் வாராது. ஆதலின் மாத்திரை அட்டையையே கையிற் கொண்டு செல்க. மொழி அறிந்த பிள்ளைகளை உடனழைத்துச் செல்க. விரத நாட்களையும் உடற்குறைகளையும் ஒன்றுவிடாது உரைக்க.

அஞ்சி நிறுத்துதலும் தவறு. பொறுத்து மறைத்தலும் தவறு. சொல்லி மாற்றிக் கொள்ளுதலே நெறி.