மாத்திரை விற்ற பணத்தில் இசை மாநாடு

1917ஆம் ஆண்டு தஞ்சாவூரில் ஒரு புத்தகம் வெளிவந்தது. பெயர் 'கருணாமிர்த சாகரம்'. 1,300 பக்கங்களுக்கு மேல். சிலப்பதிகாரம் பேசுகிற பாலைகள் என்ற இசை முறைகள் எவை, ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதிகள் உண்டு, இன்று கர்நாடக சங்கீதம் என்று நாம் கேட்பதற்கும் பழந்தமிழர் இசைக்கும் என்ன உறவு என்றெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டிய நூல் அது. எழுதியவர் அரண்மனை வித்துவானும் இல்லை, கல்லூரிப் பேராசிரியரும் இல்லை. தஞ்சையில் சித்த வைத்தியம் பார்த்துவந்த ஒரு கிறித்தவர். ஆபிரகாம் பண்டிதர்.

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்தவர் அவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே பாடமும் நடத்தினார். அந்த வயதில் எதைக் கண்டாலும் கற்றுக்கொள்ளும் ஆர்வம். பிடில் கற்றார். புகைப்படக் கலை கற்றார். அச்சுத் தொழிலும் கற்றார். மூலிகைகளைத் தேடிச் சுருளி மலைக்குப் போனவர், அங்கே கருணானந்தர் என்ற முனிவரைக் கண்டு அவரிடம் மருந்து முறைகளைத் தெரிந்துகொண்டார். பிறகு தஞ்சாவூருக்குக் குடிவந்தார். மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியை. பகலில் பள்ளிக்கூடம், மிச்ச நேரத்தில் மருந்து என்று இருவரும் உழைத்தார்கள். வைத்தியம் வளர்ந்ததும் பள்ளி வேலையை விட்டுவிட்டு அதிலேயே முழுதாக இறங்கினார்கள். 'சஞ்சீவி' என்ற பெயர் தாங்கிய அவர்களுடைய மாத்திரைகள் இலங்கை, பர்மா வரை போயின.

பணம் சேர்ந்தது. அந்தப் பணம் எங்கே போனது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகைகளும் பயிர்களும் வளர்த்துப் பார்த்தார். ஊர் மக்கள் அதைப் 'பண்டிதர் தோட்டம்' என்றார்கள். 1909இல் அரசு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. 1912இல் 'சங்கீத வித்தியா மகாஜன சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கி, வித்துவான்களைத் தஞ்சைக்கு வரவழைத்து, அடுத்தடுத்து இசை மாநாடுகள் நடத்தினார். செலவு அவருடையது. ஆராய்ச்சி நூலையும் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். சுருக்கமாகச் சொன்னால், அவருடைய மாத்திரைகள்தாம் தமிழிசை ஆராய்ச்சிக்குப் படியளந்தன.

கடவுள் கொடுத்த வரங்களுக்கு மரியாதை செய்து வாழ்வது எப்படி என்று பேச வந்த இடத்தில் ஒரு வைத்தியரின் கதையை ஏன் சொல்கிறேன்?

நம்முடைய சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் இறையியல் கல்லூரிக்குப் போனால், "ஒரு பிள்ளையை ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டோம்" என்று பெற்றோர் பெருமையாகச் சொல்வார்கள். இளையவன் மோட்டார் பம்பு பழுதுபார்க்கிறவன் என்றால், அவனைக் குறித்து அப்படி யாரும் சொல்வதில்லை. "அவன் ஏதோ வேலை செய்கிறான்" என்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கடவுளுக்கு, மீதி வாரம் வயிற்றுக்கு என்று நாமே ஒரு கோடு போட்டுவிட்டோம். ஆபிரகாம் பண்டிதர் கிறித்தவக் கீர்த்தனைகள் இயற்றியவர்தான். ஆனால் அந்தக் கீர்த்தனைகள் மட்டுமே அவருடைய பக்தி என்று சொல்லிவிட்டால், மருந்து அரைத்த கையையும் சுருதிக் கணக்குப் போட்ட இரவுகளையும் எங்கே சேர்ப்பது?

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன தாலந்து உவமை உங்களில் பலருக்குத் தெரியும். வெளியூர் போகிற எஜமான் தன் வேலைக்காரர்கள் மூன்று பேரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைக்கிறான். முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் குழி தோண்டிப் புதைத்துவைக்கிறான்.

பாவம், அவனுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதானே என்று நாம் இரக்கப்படுவோம். அந்த ஒன்றின் மதிப்பைப் பார்க்க வேண்டும். ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 வெள்ளிக்காசு. அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் ஒரு வெள்ளிக்காசு. அப்படியானால் கிட்டத்தட்ட இருபது வருடக் கூலியை மொத்தமாக வாங்கியவன் அவன். கதையில் ஏழை என்று யாருமே இல்லை. குறைவாகப் பெற்றவனே கை நிறையப் பெற்றவன்தான்.

பிறகு ஏன் புதைத்தான்? காரணத்தை அவனே சொல்கிறான். எஜமான் கடுமையானவர் என்று நினைத்தான், பயந்துபோனான். அவன் திருடவில்லை, ஊதாரித்தனமாகச் செலவழிக்கவில்லை, வாங்கியதைக் குறையாமல் திருப்பிக் கொடுத்தான். நம் கணக்கில் அவன் யோக்கியன். கொடுத்தவரைத் தவறாக எடைபோட்டதுதான் அவன் செய்த பிழை. தப்புக் கண்டுபிடிக்கவே கடவுள் காத்திருக்கிறார் என்று நம்புகிறவன் எதையும் தொடங்கமாட்டான். ஆசையோடு கொடுத்தவர் என்று நம்புகிறவன் துணிந்து இறங்குவான்.

நம் ஊரில் இந்தப் பயத்துக்கு வேறு வேறு சட்டைகள் உண்டு. "இந்த வயசுல போய்க் கத்துக்கிட்டா நாலு பேர் சிரிப்பாங்க." "எனக்கு என்ன தெரியும், என்னைவிடப் பெரியவங்க இருக்காங்க." இவற்றைத் தாழ்மை என்று சொல்லிக்கொள்கிறோம். பல நேரம் அது தோண்டிவைத்த குழியின் மேல் போட்ட மண்.

பண்டிதரிடம் அந்தக் கூச்சத்தைப் பார்க்க முடியவில்லை. மருத்துவத்தை ஒரு முனிவரிடம் கற்றார். இசைக்கு ஆதாரம் தேடிச் சமணத் துறவி எழுதியதாகச் சொல்லப்படும் சிலப்பதிகாரத்துக்குள் போனார். கிறித்தவனுக்குக் கடவுள் தருவதெல்லாம் கோயில் வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய், ஒரு ஸ்தாயியில் இருபத்திரண்டு சுருதி என்ற வழக்கமான கருத்தை மறுத்து, இருபத்து நான்கு என்று வாதாடினார். அவருடைய மகள்கள் அங்கே இசைத்துக் காட்டினார்கள். அவர் முடிவுகளை ஒப்புக்கொள்ளாத அறிஞர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இருக்கட்டும். தனக்குத் தெரிந்ததைச் சபையில் வைத்து, சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் துணிச்சல் வேண்டுமே!

அந்தத் துணிச்சலுக்கு அடியில் வருடக்கணக்கான உழைப்பு இருந்தது. வரம் இருக்கிறது என்பதற்காக வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டு, மீதியை ஜெபத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று வேதத்தில் எங்கும் இல்லை. கொரிந்து பட்டணத்தில் பவுல் அப்போஸ்தலர் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு சேர்ந்து கூடாரத் தொழில் செய்தார். அவர் தைத்த கூடாரம் மழையில் ஒழுகியிருந்தால், வாங்கினவன் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டிருப்பானா? யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காட்டியது அவள் தைத்துக்கொடுத்த உடுப்புகளைத்தான். அவளுடைய விசுவாசத்துக்கு அந்தத் துணிகளே சாட்சியாயின.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. புதைக்காமல் வெளியே எடுத்த வரத்தை, கொஞ்ச நாளில் நம்முடைய சொந்தச் சொத்தாக்கிவிடுவது. கிறிஸ்துமஸ் வந்தால் தெரியும். பாடகர் குழுவில் தனிப்பாட்டு யாருக்கு என்பதில் எத்தனை மனத்தாங்கல்கள்! பிறந்த குழந்தையைப் பாடப் போனவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீடு திரும்புவார்கள். குரல் யாருடையது என்பதை மறந்தால் இப்படித்தான் ஆகும். நாம் உக்கிராணக்காரர்கள். சாவி நம்மிடம் இருக்கிறது, உள்ளே இருப்பது நம்முடையது இல்லை.

இன்னொரு கேள்வியும் உங்களில் சிலருக்கு எழலாம். "எனக்கும் ஒரு திறமை இருந்தது. வியாதி வந்து பறித்துக்கொண்டது. இனி என் வாழ்க்கைக்கு என்ன நோக்கம்?"

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ் இதே கேள்வியின் முன் நின்றவர். கொச்சியில் பிறந்தவர். இளம் மருத்துவராக இருந்தபோது, 1954இல் நடந்த ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. கைகள் மட்டும் மிச்சம். அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சரிசெய்துவந்த டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அந்த வேலைக்கு மேரியை அழைத்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அவர் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் உருவானது. 1972இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முதுகுத்தண்டு அடிபட்டு, இனி படுக்கைதான் என்று வந்த நோயாளிகள், தங்களைப் போலவே சக்கர நாற்காலியில் வந்த மருத்துவரைப் பார்த்தார்கள். எந்த மருந்துச் சீட்டும் கொடுக்க முடியாத நம்பிக்கை அது.

விபத்தைக் கடவுள்தான் அனுப்பினார் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது வலியில் இருப்பவருக்குச் செய்யும் கொடுமை. இழந்ததற்காக அழுவதும் தவறில்லை. அழுது முடித்த பிறகு மிச்சம் இருப்பதை எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். நடக்க முடியாத பாட்டிக்கு நேரம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, தெருவில் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல ஆயிரம் கதைகள் இருக்கின்றன. ஓய்வு பெற்ற வங்கி ஊழியருக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியும். அந்தப் படிவத்தைக் கண்டு மிரள்கிற எத்தனை பேர் அவருடைய தெருவிலேயே இருக்கிறார்கள்!

கடைசியாக ஒன்று. இஸ்ரவேல் மக்கள் வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் அமைத்தபோது, அந்த வேலைக்குக் கடவுள் பெசலெயேல் என்ற கைவினைஞனைப் பேர் சொல்லி அழைத்தார் என்று யாத்திராகமம் சொல்கிறது. பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்யும் திறமைக்காகவே தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் அவன். அதே புத்தகம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது. தொழிலை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் மனதையும் கடவுள் அவனுக்குத் தந்தார். நாம் அதிகம் கவனிக்காமல் தாண்டிப்போகிற இடம் இது.

ஆபிரகாம் பண்டிதர் 1919இல் காலமானார். அவர் விட்டுப்போன ஆராய்ச்சியின் இரண்டாம் பாகத்தை மகள் மரகதவல்லி 1946இல் வெளியிட்டார். மகன் வரகுணபாண்டியன் யாழைப் பற்றித் தனி நூலே எழுதினார். தகப்பனுக்குத் தெரிந்தது பிள்ளைகளின் விரல்களுக்கும் எழுத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது.

ஆகவே நேயர்களே, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காரியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தையலாக இருக்கலாம், கணக்காக இருக்கலாம், பத்து நிமிடத்தில் நூறு பேருக்குக் குழம்பு அளவு சொல்லும் கைப்பக்குவமாக இருக்கலாம். இந்த வாரமே ஒருவரை அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, அதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குங்கள். தொழில் இரகசியம் என்று எதையும் ஒளித்துவைக்காதீர்கள். அவர் ஒருநாள் உங்களைவிட நன்றாகச் செய்தால் மனம் கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். பரவாயில்லை, அன்றைக்கு நன்றி சொல்லி ஜெபித்துவிடுங்கள்.