கிண்டியில் படித்த தாய்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகு தொழில்நுட்பம் படிப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "அதெல்லாம் நம்ம பொண்ணுங்களுக்குச் சொல்லுங்க மேடம், நமக்கெதுக்கு?" என்று சிலர் நினைப்பீர்கள். நம்ம பக்கத்திலேயே நடந்த ஒரு விஷயத்தை முதலில் சொல்கிறேன்.

தாம்பரத்தில் பீச் ரயில் ஏறினால் கிண்டி வருகிறது இல்லையா? அந்தக் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் 1940-இல் ஒரு பெண் சேர்ந்தார். பெயர் அ. லலிதா. 1919-இல் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் நாலு மாதப் பெண் குழந்தை. விதவைப் பெண்ணை மூலையில் உட்கார வைத்த காலம் அது.

லலிதா ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். டாக்டர் படிப்பு என்றால் ராத்திரியில் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டி வரும் என்று யோசித்து, இன்ஜினியரிங்கைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டியில் பேராசிரியர். அவர்தான் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி இடம் வாங்கினார். எல்லோரும் ஆண்கள், நடுவில் இவர் ஒருத்தர். விடுதியில் தங்கிப் படித்தார். குழந்தை சகோதரர் வீட்டில் வளர்ந்தது. வார விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

தனியாக இருப்பது கஷ்டமாக இருந்தது. பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் கொடுக்க அப்பா ஏற்பாடு செய்தார். லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இரண்டு பேர் சிவில் படிப்பில் வந்து சேர்ந்தார்கள். படிப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்போது, அதில் "அவன்" என்ற பொருளில் அச்சடித்திருந்த ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு, "அவள்" என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததாம்! லலிதா ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றார். பிறகு கல்கத்தாவில் வேலை பார்த்து, பக்ரா நங்கல் அணையின் மின்சாரப் பணியில் பங்கெடுத்தார். திரேசியா கேரளத்தில் தலைமைப் பொறியாளர் ஆனார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? லலிதாவுக்கு மூளை இருந்தது, உழைப்பு இருந்தது. ஆனால் அது மட்டும் போதவில்லை. இடம் கேட்டு வாங்க அப்பா இருந்தார். பிள்ளையைப் பார்க்க ஒரு வீடு இருந்தது. பேச்சுத் துணைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். நம்மில் யாருக்கும் பேராசிரியர் அப்பா இல்லை. அந்த மூன்று வேலையையும் நம் குழுதான் செய்ய வேண்டும்.

வழி என்ன என்று கேட்பீர்கள். பத்தாவது முடிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதலாம். பத்தாவது பாஸ் என்றால் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் படிக்கலாம். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் சேரப் பெண்களுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. கிண்டியில் பெண்களுக்கென்றே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தரமணியில் டாக்டர் தர்மாம்பாள் அரசு மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு.

கணக்குப் போடுங்கள். 35 வயதில் ஐ.டி.ஐ. சேர்ந்தால் 39-இல் டிப்ளமோ கையில் இருக்கும். படித்தாலும் படிக்காவிட்டாலும் 39 வயது வரத்தான் போகிறது.

இதில் சிரமமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பகல் முழுக்க வகுப்பு இருந்தால் இப்போது வரும் சம்பளம் நிற்கும். கணக்குப் பாடம் மறந்திருக்கும். பெரிய கம்பெனிகள் சின்ன வயதுக்காரர்களைத்தான் முதலில் எடுக்கும். ஆனால் கம்பெனி வேலை ஒன்றுதான் வழி என்பதில்லை. மின் உரிம வாரியத்தின் தகுதிச் சான்று வாங்கியவர்கள் வயரிங் வேலை செய்யலாம். நம்ம ஏரியாவில் எத்தனை அடுக்குமாடி! பகலில் பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் ஒரு பெண் எலக்ட்ரீஷியன் வந்தால் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

குழுக்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, தையல் மெஷினுக்கும் மாட்டுக்கும் உள்கடன் கொடுக்கிற மாதிரி, உறுப்பினரின் படிப்புக்கும் கொடுங்கள். படிக்கிற காலத்தில் தவணையைக் குறைத்து, வேலை கிடைத்ததும் கூட்டி வாங்குங்கள். இரண்டு, அவள் வகுப்புக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முறை வையுங்கள். மூன்று, ஒருத்தியைத் தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்த்து அனுப்புங்கள். சேர்க்கை விண்ணப்பத்துக்கு ஊக்குநர் கூடவே போகட்டும்.

வீட்டில் "இந்த வயசுல என்ன படிப்பு?" என்று கேட்டால், அவள் ஒருத்தி பதில் சொல்ல வேண்டாம். குழுவாகப் போய்ப் பேசுங்கள். வங்கி மேனேஜரிடமே பேசிக் கடன் வாங்கியவர்கள் நாம், வீட்டுக்காரரிடம் பேச முடியாதா?

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்மில் யாருக்குப் படிக்க ஆசை?" கை தூக்குகிறவர் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.