பச்சைக் கடலில் மூச்சு முட்டும் மீன்கள்



மீன் வாங்கப் போனால் நாம் எல்லோரும் முதலில் செய்வது, கன்னத்து மூடியை விரலால் தூக்கிச் செவுளைப் பார்ப்பதுதான். சிவப்பாக இருந்தால் விலை கேட்போம். வெளிறியிருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவோம். இன்று அந்தச் செவுளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்க்கலாம், வாருங்கள்.

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கத்து மன்னார் வளைகுடாக் கடல் பச்சைச் சாயம் கரைத்தாற்போல் மாறிப்போனது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அங்குள்ளவர்கள் இதற்குக் காரணமான பாசியைப் பூங்கோரை என்பார்கள். ஆராய்ச்சியாளர்கள் நாக்டிலூகா என்கிறார்கள். ஒற்றைச் செல் உயிர்தான், ஆனாலும் உற்றுப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும், ரவையைவிடச் சின்ன கண்ணாடி உருண்டை மாதிரி. அதன் வயிற்றுக்குள் அதைவிட நுண்ணிய பச்சைப் பாசிகள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. கடலுக்கு ஏறிய பச்சை நிறம் அவற்றினுடையது.

செத்த மீன் எதையோ தின்று செத்தது என்றுதான் நமக்குத் தோன்றும். பூங்கோரை விஷயத்தில் அப்படியில்லை. அந்த மீன்கள் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்தவை.

செவுளில் சீப்புப் பல் போல அடுக்கடுக்காகச் சிவப்பு இழைகள் இருக்கின்றன அல்லவா? ஒவ்வோர் இழையிலும் அதைவிட மெல்லிய மடிப்புகள் உண்டு. உள்ளே ஓடும் ரத்தத்துக்கும் வெளியே ஓடும் நீருக்கும் நடுவே இருக்கும் தோல், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனம்தான். அத்தனை மெல்லியதாக இருந்தே ஆகவேண்டும். நாம் இழுக்கும் காற்றில் லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீரிலோ லிட்டருக்கு 6 மில்லிகிராம் கிடைத்தாலே பெரிது. பூங்கோரை கோடிக்கணக்கில் செத்து அழுகும்போது, அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்தக் கொஞ்சத்தையும் உறிஞ்சிவிடுகின்றன. அந்த ஆண்டு பவளப்பாறைகளை ஒட்டிய நீரில் ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது.

போதாக்குறைக்கு அம்மோனியா வேறு. நாக்டிலூகா மிதப்பதற்காகத் தன் உடலில் அதைச் சேர்த்து வைத்திருக்கும். செல் உடைந்தால் அது நீரில் கலந்துவிடும். மீனும் தன் கழிவான அம்மோனியாவைச் செவுள் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. வெளியே ஏற்கெனவே நிறைந்திருந்தால் உள்ளே இருப்பது எங்கே போகும்? ரத்தத்தில் தங்கும், மூளையைத் தாக்கும், மீன் துடித்துச் சுழலும். மூச்சு வாங்குகிற வாசலும் கழிவு போகிற வாசலும் ஒன்றே என்பதுதான் இங்கே பெரிய கொடுமை.

எல்லாப் பாசியும் ஒரே வழியில் தாக்குவதில்லை. கீட்டோசெரோஸ் என்ற பாசியின் முட்கள் செவுளில் குத்தி நிற்கும். புண்ணான செவுள் சளியைக் கொட்டும். நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் திணறும். ஃப்ளோரிடாக் கடலில் வரும் செம்பாசி அசல் நரம்பு நஞ்சையே சுரக்கிறது. 2016-இல் சிலி நாட்டில் பாசிப் பெருக்கத்தால், கூண்டுகளில் வளர்த்த சால்மன் மீன்கள் ஏறக்குறைய 40,000 டன் மடிந்தன. திறந்த கடலில் இருந்திருந்தால் சிலவாவது விலகி ஓடியிருக்கும். கூண்டில் அடைபட்டவை எங்கே ஓடும்?

நம் குளம் குட்டைகளிலும் இது உண்டு. வயல் உரமும் வீட்டுச் சாக்கடையும் சேர்ந்த நீரில் பச்சை ஏடு படரும். பகலில் பாசி ஆக்சிஜன் தரும்; இரவெல்லாம் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால், விளையாடுகின்றன என்று நினைக்காதீர்கள், உடனே ஏரேட்டரைப் போடுங்கள். சில நீலப்பச்சைப் பாசிகளின் நஞ்சு மீனின் ஈரலையும் கெடுக்கும். பிழைத்த மீன் சரியாக இரை எடுக்காது. நோய் எளிதில் தொற்றும்.

கரையில் செத்து ஒதுங்கிய மீனை, அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தயவுசெய்து சமைக்க எடுக்காதீர்கள். ஏன் செத்தது என்று செவுளைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

மன்னார் வளைகுடாவில் சில வாரங்களில் பச்சை கலைந்தது. நீர் தெளிந்தது. ஆனால் மீன்கள் ஒதுங்கி வாழ்ந்த பவளப்பாறைகளில், மான்கொம்பு போலக் கிளைவிட்டு வேகமாக வளரும் பவளங்கள் ஏராளமாகச் செத்துக் கிடந்தன. தப்பிய மீன்கள் அங்கேதான் திரும்பி வரவேண்டியிருந்தது.