பழுதுபார்ப்பதும் ஒரு பக்தியே
(நம் ஆலய நூற்றாண்டு நிறைவு விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நூறு ஆண்டுகளைக் கண்ட நம் ஆலயத்தை இனி என்ன செய்வது என்ற பேச்சு கடந்த ஓராண்டாக நம் பங்கில் நடந்து வருகிறது. இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டுவோம் என்கிறார்கள் ஒரு சாரார். சுவருக்குச் சிமெண்டு பூசி, டைல்ஸ் ஒட்டி, வர்ணம் அடித்தால் போதும் என்கிறார்கள் மற்றொரு சாரார். இரு சாராரும் கோவில்மீது கொண்ட அன்பினால்தான் பேசுகிறார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதைச் சொல்லுமுன், நான் செய்த தவறு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் இளம் குருவாக வேறொரு பங்கில் இருந்தபோது, அங்கும் நம் கோவிலைப் போன்றே செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய கோவில் இருந்தது. சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. திருநாள் நெருங்கிய அவசரத்தில் பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்டு பூசச் சொன்னேன். திருநாளன்று கோவில் மணப்பெண் போல் இருந்தது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். மூன்று மழைக்காலம் கழிந்தது. பூச்சு வயிறு போலப் புடைத்தது, உப்புப் பூத்தது, தட்டினால் பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே இருந்த செங்கல் மாவாகியிருந்தது. ஊர்க் கொத்தனார் ஒருவர், வயதில் பெரியவர், விரலால் அந்தச் செங்கல்லைச் சுரண்டிக் காட்டி, "சாமி, சுவருக்கு மூச்சு முட்டிப்போச்சு" என்றார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்த சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. அப்படிக் கல்லானாலும் ஈரத்தை வெளியே விடும் தன்மை அதற்கு உண்டு. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமெண்டோ கெட்டியானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. அடைபட்ட ஈரம் உப்பைக் கரைத்து வைத்துக்கொள்கிறது. அந்த உப்பு உறையும்போது மெதுவான பழைய செங்கல்லையே உடைக்கிறது. புதிய கட்டடத்திற்குச் சிமெண்டு நல்ல பொருள்தான். பழைய சுவருக்கு அது பொருந்தாத மருந்து.

நம் முன்னோர் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்து, கற்சக்கரத்தில் சாந்தை நாள்கணக்காக அரைத்தார்கள் என்றால், அது வேறு வழி தெரியாமல் செய்த வேலை அன்று. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த அறிவு.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பாடமும் அன்று. பாரீஸ் நகரில் 'நோத்ரு தாம்' எனப்படும் நம் அன்னையின் பேராலயத்தை அறிவீர்கள். 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டிய ஆலயம் அது. 2019 ஏப்ரல் 15, புனித வாரத் திங்கட்கிழமை மாலை, அதன் கூரையில் தீப் பிடித்தது. கூரையைத் தாங்கிய பழமையான ஓக் மரச்சட்டம் முழுவதும் எரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வியோலே லெ டுக் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த கூர்கோபுரம் சரிந்து விழுந்தது. முன்புற மணிக்கோபுரங்கள் இரண்டும் தப்பின. ஆண்டவரின் முள்முடி பத்திரமாக வெளியே கொண்டு வரப்பட்டது.

அங்கும் இதே விவாதம் எழுந்தது. கண்ணாடியில் கோபுரம் வைக்கலாம், கூரைமேல் தோட்டம் அமைக்கலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. முடிவில் 2020-ஆம் ஆண்டு ஜூலையில், இருந்தது இருந்தபடியே கட்டுவது என்று தீர்மானித்தார்கள். ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தச்சர்கள் பழைய முறைப்படி கோடாரியால் செதுக்கி உத்தரங்களைச் செய்தார்கள். புதுமையே கூடாது என்றும் அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. தீயணைக்க நுண்துளியாக நீர் தெளிக்கும் அமைப்பைக் கூரைக்குள் வைத்தார்கள். 2024 டிசம்பர் 7 அன்று ஆலயம் திறக்கப்பட்டது. மறுநாள் திருப்பலி நிறைவேறியது.

எரிந்துபோனதை இருந்தபடி கட்ட எப்படி முடிந்தது? அளவுகள் கையில் இருந்தன. ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றுப் பேராசிரியர், தீவிபத்திற்குப் பல ஆண்டுகள் முன்பே லேசர் ஒளியால் அவ்வாலயத்தை அளந்து வைத்திருந்தார். 2018-இல் அவர் இறந்துவிட்டார்; தம் உழைப்பின் பயனைக் காணவில்லை. இரு கட்டடக் கலைஞர்கள் 2014-ஆம் ஆண்டில் கூரையின் மரச்சட்டத்தை உத்தரம் உத்தரமாக அளந்து வரைந்திருந்தார்கள். நம் கோவிலுக்கு ஒரு வரைபடம் உண்டா? நான் தேடிப் பார்த்தேன்; பங்கு அலுவலகத்தில் ஒரு தாள்கூட இல்லை.

ஆகவே உங்கள்முன் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். முதலாவதாக, எதையும் கொத்துமுன் கோவிலை அளந்து, வரைந்து, மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்து வைப்போம். நம் இளைஞர்கள் இதைச் செய்யலாம். இரண்டாவதாக, மழைநீர் போகும் வழியைச் சீர்செய்து, கோபுரத்தில் முளைத்துள்ள அரசங்கன்றுகளை வேரோடு களைவோம். பழைய மின்கம்பிகளை மாற்றுவோம். அதன் பிறகே சுவர். சிமெண்டு பூசிய இடங்களில் அதை நிதானமாக அகற்றி, சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்களைக் கொண்டு பூசுவோம். நம் பிள்ளைகள் சிலர் அவர்களோடு நின்று அத்தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும்.

செலவு ஆகும், காலமும் ஆகும். அடுத்த திருநாளுக்குள் முடியாது. கூட்டத்திற்கு இடம் போதவில்லை என்ற குறை நியாயமானது. அதற்குப் பக்கத்தில் கொட்டகை போடலாம், மண்டபம் கட்டலாம். தேர்ந்த பொறியாளர் ஆபத்தென்று சொல்லும் பகுதியை இறக்கிக் கட்டத்தான் வேண்டும். ஆனால் நூறு ஆண்டு நின்ற சுவரை, நாம் பேணாததற்குத் தண்டனையாக இடிக்க வேண்டாம்.

இன்னுமொன்று. பாரீஸில் புதிய கோபுரத்தின் உச்சியில் வைத்த சேவலுக்குள், அத்திருப்பணியில் உழைத்த ஏறத்தாழ 2,000 பேரின் பெயர்களை எழுதி வைத்தார்கள். நம் கோவிலுக்குக் கல் சுமந்த பாட்டிமாரின் பெயர்களை நாம் அறியோம். இம்முறை சித்தாள் முதல் எல்லாருடைய பெயரையும் எழுதி வைப்போம்.

தம் இல்லத்தைச் செப்பனிடும்படி ஆண்டவர் கேட்டதாக உணர்ந்த அசிசி பிரான்சிஸ், முதலில் செய்தது என்ன? வீடு வீடாகக் கல் கேட்டு வாங்கி, பாழடைந்த சான் தமியானோ சிற்றாலயத்தைத் தம் கையாலேயே பழுதுபார்த்தார். திருச்சபையைச் செப்பனிடும் பெரும்பணி பின்னர்தான் அவருக்கு விளங்கிற்று. நாமும் கையருகே இருக்கும் கல்லிலிருந்து தொடங்குவோம். நம் அன்னை நமக்குத் துணை நிற்பாளாக.